உடைந்த பல்லும் அதன் குறியீடும்

இரவுப் பணிக்காக ஒரகடம் நோக்கிச் செல்லும் இளைஞர் ஒருவர், சிங்கப்பெருமாள் கோயில் அருகே இருசக்கர வண்டி சறுக்கி விழுகிறார். கைக்குட்டையை வாயில் அழுத்தியபடி அவசரப் பிரிவுக்கு வருகிறார். மேல்வரிசை முன்பல் பாதி முறிந்திருக்கிறது. எப்படி நேர்ந்தது என்று வினவினால், "படியில தவறி விழுந்துட்டேன் டாக்டர்" என்கிறார். காவல் நிலையம் செல்ல நேருமோ, வேலைக்குக் கேடு வருமோ என்னும் அச்சமே அவரை அவ்வாறு கூற வைக்கிறது. சில வாரங்களுக்குப் பின், காப்பீட்டுக் கோரிக்கைக்காக அந்தப் பதிவை மாற்றித் தருமாறு கேட்டு வருகிறார். மறைமலை நகர் வட்டாரத்தில் மருத்துவம் பார்க்கும் எங்களுக்கு இத்தகைய வேண்டுகோள்கள் புதியன அல்ல. முதல் நாள் கூறும் அந்த ஒரு வரி ஏன் அத்தனை முக்கியம் என்பதை இக்கட்டுரையில் விளக்க விழைகிறோம்.

குறியீடு என்பது என்ன?

உலக சுகாதார நிறுவனம் நோய்களையும் காயங்களையும் வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீட்டை வகுத்துள்ளது. அதன் பத்தாம் திருத்தமே ஐ.சி.டி-10. நம் நாட்டில் காப்பீட்டுக் கோரிக்கைப் படிவத்தில் மருத்துவமனை நிரப்ப வேண்டிய பகுதி இந்த எண்களையே கேட்கிறது.

பல்லைப் பொறுத்தவரை இக்குறியீடுகள் இரு வேறு பிரிவுகளில் அமைந்துள்ளன. நோயால் வருபவை 'கே' என்னும் எழுத்தில் தொடங்கும். கே 01 என்றால் புதைந்த பல்; கே 02 என்றால் சொத்தை; கே 04 என்றால் பற்கூழ் மற்றும் வேர்முனை நோய்; கே 05 என்றால் ஈறு நோய். காயத்தால் வருபவை 'எஸ்' என்னும் எழுத்தில் தொடங்கும். எஸ் 02.5 பல் முறிவு, எஸ் 02.6 கீழ்த்தாடை எலும்பு முறிவு, எஸ் 03.2 பல் இடம்பெயர்தல்.

காயக் குறியீட்டுடன் அதன் காரணத்தைக் குறிக்கும் குறியீடும் உண்டு. படியில் விழுந்தவருக்கு டபிள்யூ 10. மோட்டார் சைக்கிளில் சென்று காயமுற்றவருக்கு வி 20 முதல் வி 29 வரையுள்ளவற்றில் ஒன்று. முறிந்த பல் ஒன்றே. ஆயினும் நீங்கள் கூறும் பதிலைப் பொறுத்து அது வேறொரு நிகழ்வாகப் பதிவாகிறது.

எந்தப் பல் என்பதற்கும் எண் உண்டு. முதல் இலக்கம் வாயின் கால்பகுதியையும், இரண்டாம் இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பதையும் காட்டும். 11 என்பது மேல் வலப்புற முன்பல். 46 என்பது கீழ் வலப்புற முதற்கடைவாய்ப் பல். பில்லிலும் எக்ஸ்ரே அறிக்கையிலும் இந்த எண் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே சரிபார்க்கலாம்.

குறியீட்டால் என்ன மாறுகிறது?

பல தனியார் காப்பீட்டுத் திட்டங்கள் பல் சிகிச்சையை ஏற்பதில்லை. விபத்தால் தேவைப்பட்டு, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு மட்டும் விலக்கு அளிக்கின்றன. 2020-இல் அறிமுகமான ஆரோக்கிய சஞ்சீவனி திட்டம், நோயாலோ காயத்தாலோ தேவைப்படும் பல் சிகிச்சையைத் தன் வரம்புகளுக்குள் ஏற்கிறது. எனினும் குறியீடு சரியாக அமைந்தால் மட்டும் பணம் வந்துவிடாது. வெளிநோயாளியாகச் செய்துகொள்ளும் வேர்சிகிச்சைக்கும் உறைப்பல்லுக்கும் உங்கள் பாலிசியில் இடமுண்டா என்று முன்னரே கேட்டறியுங்கள்.

தொழிற்சாலை ஊழியர்களுக்கு இ.எஸ்.ஐ. திட்டத்தில் வேறுபாடு இன்னும் பெரிது. நோய் விடுப்புக்குக் கிடைப்பது ஊதியத்தில் 70 விழுக்காடு. அதற்குக் குறிப்பிட்ட நாட்கள் சந்தா செலுத்தியிருக்க வேண்டும். பணிக்காயத்தால் தற்காலிகமாக வேலை செய்ய இயலாதவருக்குக் கிடைப்பது 90 விழுக்காடு. வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அதற்குத் தகுதி உண்டு. பணிக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தைப் பணிக்காயமாகக் கருத 2010-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வழிசெய்தது. பல்லோடு தாடையும் முறிந்து, பல வாரங்கள் கம்பி கட்டி வீட்டிலிருக்க நேர்ந்தால், "படியில் விழுந்தேன்" என்ற பதிலின் விலை அப்போதுதான் தெரியும்.

எங்களால் இயலாதது

முறுக்கைக் கடித்தபோது உடைந்த சொத்தைப் பல்லை, "விபத்து என்று எழுதித் தாருங்கள்" எனக் கேட்போரும் உண்டு. அவர்களுடைய பணநெருக்கடி எங்களுக்குப் புரிகிறது. ஆயினும் நீண்ட நாள் சொத்தை எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். பொய்க் கோரிக்கை நிராகரிக்கப்படுவதோடு, பாலிசியே ரத்தாகவும் கூடும். செலவு குறைந்த மாற்றுச் சிகிச்சை எது, தவணை முறை உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். அதில் நாங்கள் உதவ இயலும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• இடம், நேரம், விழுந்த விதம் ஆகியவற்றை முதல் மருத்துவரிடமே உள்ளபடி கூறுங்கள். ஏ.ஆர். நகலைக் கேட்டுப் பெறுங்கள்.

• பணிக்குச் செல்லும் வழியில் நேர்ந்ததெனில், அன்றே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். விபத்து அறிக்கையை அவர்களே இ.எஸ்.ஐ.க்கு அனுப்ப வேண்டும்.

• டிஸ்சார்ஜ் சம்மரியில் காரணம், பல்லின் எண், குறியீடு மூன்றையும் வீடு திரும்புமுன் படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அப்போதே சுட்டிக்காட்டுங்கள். எங்கள் தவறெனில் திருத்துவது எங்கள் கடமை.

• உடைந்த துண்டை எடுத்து வாருங்கள். சில வேளைகளில் அதையே மீண்டும் ஒட்டலாம். நிலைப்பல் முழுதாகக் கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து, குளிர்ந்த பாலில் இட்டு, ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுங்கள். பால்பல்லை மீண்டும் பொருத்துவதில்லை.

உங்களோடு வருபவருக்கும் ஒரு வேண்டுகோள். வலியிலும் அச்சத்திலும் இருப்பவரால் பேச இயலாதபோது, நடந்ததை நடந்தவாறு எங்களிடம் கூறும் பொறுப்பு உங்களுடையது. நீங்கள் கூறும் உண்மையைக் கொண்டுதான் நாங்கள் சிகிச்சையைத் தொடங்குகிறோம்; பிற்பாடு அவருக்கு உரிய பணம் வந்து சேர்வதற்கும் அதுவே ஆதாரம்.