பூநாரையும் மீனவப் பிள்ளையும்

2025 ஜனவரியில் ஆந்திரத்துச் சூலூர்ப்பேட்டையில் பூநாரைத் திருவிழா நடந்தது. பழவேற்காடு ஏரிக்கு வரும் பறவைகளைப் பிள்ளைகளும் பெற்றோரும் கண்டு களித்தனர். நல்லது, வரவேற்கிறோம். ஏரியின் பெரும்பகுதி அங்கே, தென்முனை இங்கே. தென்முனை 1980-இல் சரணாலயமாயிற்று. இங்கும் பிள்ளைகளுக்கு இயற்கைப் பாடம் நடக்கட்டும். ஆனால் தோழர்களே, ஆசான் யார்?

பூநாரை அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றுநீரை வடிகட்டி இரை தின்கிறது. அந்த இரையிலுள்ள நிறமிதான் சிறகுக்குச் செம்மை தருகிறது. இதைப் புத்தகமே சொல்லிவிடும். முகத்துவாரத்தை மணல் அடைத்தால் என்ன ஆகும்? கடலில் பிறந்த இறால் குஞ்சு ஏரிக்குள் வந்து வளர வழியில்லை. வலை வெறுமையாகும். இதைச் சொல்ல மீனவன் வேண்டும். அணைவது அவன் வீட்டு அடுப்பல்லவா!

'பாடு' முறையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று ஊர்கூடி முறைவைத்துப் பங்கிடும் ஏற்பாடு அது. (கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கு அதில் பங்கில்லை. அதையும் மறைக்காமல் கற்பிக்கட்டும்!)

இவர்களைக் கூலி கொடுத்து ஆசிரியர்களாக அமர்த்துக! பட்டணத்துப் பிள்ளைகள் வரட்டும், மகிழ்ச்சி. தொலைநோக்கியை முதலில் கரையூர்ப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள்.