இருளுக்குள் ஒரு கருவறை

விருச்சிக ராசியை அடுத்த வான்வெளியில் விண்மீன்களே அற்ற கரும்பகுதிகள் சில உண்டு. 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியலறிஞர் இத்தகையவற்றை வானத்திலுள்ள வெற்றிடங்கள் என்றே எண்ணினார்.

அவை வெறுமையல்ல, வாயுவும் நுண்டூசியும் திரண்ட முகில்கள். தூசித் துணிக்கைகள் கட்புலனாகும் ஒளியை மறித்துவிடுகின்றன. அலைநீளம் மிக்க செந்நிறக்கீழ்க் கதிரோ அவற்றை ஊடுருவி வருகின்றது. ஏறத்தாழ 500 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள 'பார்னாட் 68' என்ற முகிலைச் சிலி நாட்டிலுள்ள தொலைகாட்டிகளால் இவ்விருவகை ஒளியிலும் நோக்கிய அறிஞர்கள், 2001இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஒன்றிற் காரிருள், மற்றையதிற் பின்னாலுள்ள விண்மீன்கள் துலங்கின. அவற்றின் ஒளி எவ்வளவு சிவந்துள்ளது என்பதைக் கொண்டே தூசியின் செறிவையும் அளந்தனர். இன்னும் நீண்ட அலைகளில், கடுங்குளிரிலுள்ள அத்தூசியே மங்கலாய் ஒளிர்கின்றது. இத்தகைய முகில்கள் தம் ஈர்ப்பினாற் சுருங்கும்போதே விண்மீன்கள் பிறக்கின்றன.

1800இல் செந்நிறக்கீழ்க் கதிரைக் கண்டுபிடித்தவரும் அதே ஹேர்ஷல்தான். சூரிய ஒளியை அரியத்தாற் பிரித்து, செந்நிறத்துக்கப்பால் வெப்பமானியை வைத்து அதனை அறிந்தார். தம் எண்ணத்தைத் திருத்தவல்ல ஒளியை அவரே கண்டார். அதனைக்கொண்டு முகில்களை ஆராயும் கருவிதான் அக்காலத்தில் இல்லை. 2009இல் ஏவப்பட்டு 2013வரை இயங்கிய, அவர் பெயர் தாங்கிய விண்தொலைகாட்டி, அம்முகில்களின் குளிர்த்தூசியை நோக்கியது. காணாமை இன்மையாகாது.