ஓட்டோ கியர் சூடாகுது என்று சொன்னால் முதலில் என்ன பார்க்க வேணும்?



போன மாதம் ஒரு தம்பி எங்களிடம் வந்திருந்தார். ஸ்காபரோவில் பழைய வான் ஒன்று வாங்கி, வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை செய்கிறார். வேலை அனுமதிப் பத்திரம் கிடைத்து நாலு மாதந்தான். அகதிக் கோரிக்கை விசாரணைக்கான கடிதங்களைக் காட்டத்தான் வந்தவர். கடிதங்களோடு கராஜ் துண்டு ஒன்றும் மேசையில் விழுந்தது. ட்ரான்ஸ்மிஷன் முழுதாக மாற்ற 4,200 டொலர் என்று அதில் இருந்தது. "என்ன பழுதாம்?" என்று கேட்டேன். "சூடாகுதாம் அக்கா" என்றார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த நாள் கடன் வாங்கிக் கட்ட இருந்தவர்.

சூடாகுது என்பது காய்ச்சல் என்று சொல்வது மாதிரி. தடிமன் காய்ச்சலும் இருக்கு, மலேரியாவும் இருக்கு. எது என்று பார்க்காமல் மருந்து எடுக்க ஏலாது.

ஊரில் எங்களில் கனபேர் கைக் கியரில் ஓட்டிப் பழகியவர்கள். அதில் கிளச்சைக் காலால் மிதிக்கிறோம். ஓட்டோ கியரில் அந்த வேலையை எண்ணெய் செய்கிறது. இரண்டு மின்விசிறிகளை நேருக்கு நேர் வைத்து ஒன்றை மட்டும் போட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் உள்ள டோர்க் கொன்வேட்டர் அப்படித்தான் வேலை செய்யும், காற்றுக்குப் பதிலாக எண்ணெய். ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் சுற்றும்போது நடுவில் எண்ணெய் அலைபட்டுச் சூடாகும். அது குழாய் வழியாகக் கூலருக்குப் போய் ஆறித் திரும்பும். கூலர் கனக்க வாகனங்களில் றேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். சாதாரணமாக இந்த எண்ணெய் 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை இருக்கும். 120ஐத் தாண்டி நெடுநேரம் ஓடினால் எண்ணெய் கருகும், ரப்பர் சீல்கள் இறுகும், உள்ளே உள்ள கிளச் தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு.

ஆகவே கேட்க வேண்டியது, சூடு வெளிக் காரணத்தால் வந்ததா, கியர்ப் பெட்டிக்கு உள்ளேயிருந்து வந்ததா என்பதுதான். எண்ணெய் ஒழுகிக் குறைந்திருக்கலாம், பழசாகியிருக்கலாம், கூலர் அடைபட்டிருக்கலாம், அளவுக்கு மேல் பாரம் ஏற்றியிருக்கலாம். இவையெல்லாம் வெளிக் காரணங்கள், செலவு குறைந்தவை. உள்ளே கிளச் தட்டுகள் தேய்ந்திருந்தால்தான் பெரிய காசு.

ஒன்றை முதலில் சொல்ல வேணும். டாஷ்போர்டில் இருக்கும் வெப்பமானி எஞ்சினுக்குரியது. அது நடுவில் நின்றாலும் ட்ரான்ஸ்மிஷன் கொதிக்கலாம். பெரும்பாலான கார்களில் ட்ரான்ஸ்மிஷனுக்கென்று வெப்பமானி கிடையாது. சிலவற்றில் ஒரு எச்சரிக்கை விளக்கு மட்டும் இருக்கும்.

நீங்களே பார்க்கக்கூடியவை சில. இரவில் வாகனத்துக்குக் கீழே ஒரு பழைய காட்போட் மட்டையை விரித்து விடுங்கோ. காலையில் சிவப்புத் துளிகள் இருந்தால் ட்ரான்ஸ்மிஷன் எண்ணெயாக இருக்க நல்ல சாத்தியம் உண்டு. ஓடும்போது பாண் கருகின மாதிரி மணம் வருகிறதா, 'டி'யில் போட்டபின் இரண்டு மூன்று வினாடி கழித்துத்தான் வாகனம் இழுக்கிறதா, ஆர்.பி.எம் முள் ஏறியும் வேகம் ஏறவில்லையா என்றும் கவனியுங்கோ. கடைசி இரண்டும் குளிரான எஞ்சினிலும் நடந்தால் எழுதி வையுங்கோ, மெக்கானிக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய விஷயம்.

எண்ணெய் பார்க்கும் கம்பி இருந்தால் அதை எடுத்து வெள்ளை டிஷ்யூவில் ஒரு துளி விடுங்கோ. தெளிந்த சிவப்பு நல்லது. கடும் மண்ணிறமும் கருகிய மணமும் இருந்தால் சூடு தின்றிருக்கிறது. பால்தேத்தண்ணி மாதிரி இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால் றேடியேட்டருக்குள் கூலர் வெடித்துத் தண்ணீர் கலந்திருக்கலாம். அப்படியெனில் ஒரு கிலோமீற்றர்கூட ஓட வேண்டாம். கனக்க வாகனங்களில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் அளவு பார்க்க வேணும், பழைய ஹொண்டாக்களில் எஞ்சினை நிறுத்திய உடனே பார்க்க வேணும். உங்கள் வாகனக் கைநூலைப் பாருங்கோ. புதிய வாகனங்கள் பலவற்றில் கம்பியே இல்லை, கராஜில்தான் பார்க்கலாம். சி.வி.டி வகையென்றால் அதற்குரிய எண்ணெய் வேறு. கடையில் மலிவாகக் கிடைக்கிற சிவப்பு எண்ணெயை ஊற்றினால் அதோடு முடிந்தது.

வீதியில் விளக்கு எரிந்தால் பதறாமல் ஓரம் கட்டி, 'பி'யில் போட்டு, எஞ்சினை நிறுத்தாமல் விடுங்கோ. எஞ்சின் ஓடினால்தான் எண்ணெய் கூலருக்குப் போய் ஆறும். ஆனால் எஞ்சின் வெப்பமானியும் சிவப்பில் நின்றாலோ, கீழே எண்ணெய் ஊற்றினாலோ உடனே நிறுத்த வேணும். பனியில் புதைந்தால் முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் போட்டு ரயரைச் சுழற்றுகிறோமே, அது சில நிமிடத்திலேயே எண்ணெயைக் கொதிக்க வைக்கும். சவளால் பனியை அள்ளுவது நல்லது. ரோ ட்ரக் கூப்பிட்டால் தட்டையான மேடையுள்ளது கேளுங்கோ. ஓட்டும் சில்லுகள் நிலத்தில் உருள இழுத்தால், எண்ணெய் பம்ப் ஓடாமல் கியர்ப் பெட்டி உள்ளே வறண்டு தேயும்.

இனிக் கராஜ். கணினியில் 'பி 0218' என்ற இலக்கம் வந்தால் எண்ணெய் அதிகம் சூடானது என்று மட்டுந்தான் அர்த்தம், ஏன் சூடானது என்று அது சொல்லாது. "எண்ணெய் அளவு என்ன, கூலருக்குள் எண்ணெய் ஓடுகிறதா, எண்ணெய்த் தட்டைக் கழற்றிப் பார்த்தீர்களா, உலோகத் துகள் இருந்ததா?" என்று கேளுங்கோ. பதில் இல்லாவிட்டால் வேறு இடத்தில் காட்டுங்கோ. நிறையத் துகள் இருந்தால் அவர்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். அதையும் ஏற்கத்தான் வேணும்.

ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வேலை தொடங்க முன் எஸ்டிமேட் தர வேண்டும். அதை எழுத்தில் வாங்குங்கோ. அந்தத் தொகைக்கு மேல் 10 சதவீதத்துக்கு அதிகமாக அறவிட ஏலாது. கழற்றிய பழைய பாகங்களை உங்களுக்குத் தர முன்வர வேண்டும். திருத்த வேலைக்கு 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. இந்தச் சட்டம் உங்கள் குடிவரவு நிலையைக் கேட்பதில்லை. கோரிக்கை முடிவாகாதவர்களுக்கும் இதே உரிமைதான். ஆனால் வேலைக்குச் சம்மதித்துவிட்டுக் காசு கட்டாமல் விட்டால் வாகனத்தைப் பிடித்து வைக்க அவர்களுக்கும் உரிமை உண்டு, கவனம். வாகனம் வாங்கும்போது தரும் சேஃப்டி சான்றிதழை நம்பி இருக்கவும் வேண்டாம். அது பிரேக், ஸ்டியரிங், விளக்கு போன்றவற்றைப் பார்ப்பது, ட்ரான்ஸ்மிஷனுக்கு உத்தரவாதம் தராது.

அந்தத் தம்பி இரண்டாவது கராஜில் காட்டினார். கூலருக்குப் போகும் குழாய் துருப்பிடித்து ஒழுகியிருக்கிறது. எண்ணெய் இரண்டு லீற்றருக்கு மேல் குறைவாம். குழாய், எண்ணெய், ஃபில்டர் எல்லாம் சேர்த்து 460 டொலர் முடிந்தது. எண்ணெய் கொஞ்சம் கருகித்தான் இருந்தது, எவ்வளவு காலம் ஓடும் என்று உறுதி தர ஏலாது என்று மெக்கானிக் நேராகச் சொல்லிவிட்டார். பாரத்தைக் குறைத்து ஏற்றச் சொல்லியிருக்கிறார். பியானோ தூக்கும் வேலைகளைத் தம்பி இப்போது எடுப்பதில்லை.

கராஜ் துண்டு ஆங்கிலத்தில் விளங்காவிட்டால் கையெழுத்துப் போட முன் எங்களிடம் கொண்டு வாருங்கோ. கடிதங்கள் வாசிக்கும் அதே மேசையில் அதையும் வாசித்துத் தருவோம்.