கியர் ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலைவரை 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் ஏறத்தாழ 46 சென்டிமீட்டர், மயிலத்தில் 50 சென்டிமீட்டரை ஒட்டிய மழை. தென்பெண்ணை பெருக்கெடுத்து, அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலேயே போக்குவரத்து நின்றது. புதுச்சேரி எல்லையை ஒட்டிய கோட்டக்குப்பத்திலோ, விழுப்புரம், திண்டிவனம் பக்கமோ கார் வைத்திருப்பவர்கள் இப்படியொரு வெள்ளம் வடிந்ததும் முதலில் பார்ப்பது இன்ஜினை, பிறகு பேட்டரியை, பிறகு சீட்டுகளை. கியர் பாக்ஸ் யார் நினைவுக்கும் வருவதில்லை. வண்டி ஸ்டார்ட் ஆகிறது, கியர் விழுகிறது, இனிக் கவலையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். இது ஆபத்தான நிம்மதி. மேனுவல் கியர் காரில் கியர் ஆயிலை எப்போது மாற்றுவது என்பதைக் கிலோமீட்டர் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வந்து மோதும் இந்தக் கரையில், வண்டி எந்த அளவு தண்ணீரில் நின்றது என்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

கியர் பாக்ஸ் நாலு பக்கமும் மூடிய உலோகக் கூடு, அதற்குள் தண்ணீர் எப்படிப் போகும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அது முழுக்க மூடியதல்ல. ஓடும்போது உள்ளே ஆயிலும் காற்றும் சூடாகி விரிகின்றன. அந்த அழுத்தம் வெளியேறாவிட்டால் ஆயில் சீல்கள் பிதுங்கி ஒழுகத் தொடங்கும். அதற்காகவே கூட்டின் மேல்புறத்தில் ப்ரீதர் என்ற சிறு துவாரம் வைத்திருக்கிறார்கள். ஓடிச் சூடான கார் வெள்ளத்தில் இறங்கினால் கூடு சட்டெனக் குளிர்கிறது. வெந்நீரைக் கொட்டிவிட்டு உடனே மூடிய பிளாஸ்டிக் பாட்டில் ஆறியதும் ஒடுங்குமே, அதே போல உள்ளேயிருக்கும் காற்றும் சுருங்குகிறது. கியர் பாக்ஸ் கூடு ஒடுங்காது என்பதால் வெளியிலிருந்து இழுக்கிறது. அப்போது ப்ரீதர் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர் போகும். சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டின் ஆயில் சீல்களும் ஆயிலை உள்ளே நிறுத்தி வைக்கச் செய்யப்பட்டவை. வெளியிலிருந்து அழுத்தும் நீரைத் தடுப்பது அவற்றின் முதல் வேலை அல்ல. தேய்ந்த சீல் என்றால் சொல்லவே வேண்டாம்.

உள்ளே போன தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது; வண்டி நிற்கும்போது அடியில் தங்கும். ஓட்டினால் பற்சக்கரங்கள் இரண்டையும் கடைந்து பால் கலந்த தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். அந்தக் கலவை பேரிங்குகளுக்கு இடையே போதிய படலமாக நிற்காது. பேரிங் உருளைகளில் துருப்புள்ளி விழுந்துவிட்டால் பிறகு எந்த ஆயிலும் அதை ஆற்றாது. கடல்நீர் கலந்த வெள்ளமாக இருந்தால் உப்பு இந்த அரிப்பை இன்னும் விரைவாக்கும். சேதம் மெதுவாக வேலை செய்வதால், சில மாதங்கள் கழித்து ஊளைச்சத்தம் கேட்கும்போது அதற்கும் பழைய மழைக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் தோன்றாது.

இனி எந்த ஆயில் என்ற கேள்வி. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. நான்கிலிருந்து ஐந்தாவது கியருக்கு மாறும்போது, வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பாகங்களைச் சமவேகத்துக்குக் கொண்டுவருவது சிங்க்ரோனைசர் ரிங். பல கார்களில் அது பித்தளை. 1928இல் காடிலாக் கார்களில் இந்த ஏற்பாடு வந்த பிறகே கியர் மாற்றுவது கரகரப்பில்லாத சாதாரண வேலையானது. இந்த ரிங் உராய்வால் வேலை செய்வது. ஆக ஒரே ஆயில் பற்களுக்கிடையே வழுக்கவும் வேண்டும், ரிங் பிடிக்குமிடத்தில் விலகிப் பிடியும் கொடுக்க வேண்டும். இந்த இரட்டை வேலைக்காகப் பல மேனுவல் கியர் பாக்ஸ்கள் கேட்கும் தரம் ஜிஎல்-4. ஜிஎல்-5 என்பது பின்சக்கர டிஃபரன்ஷியலில் இருப்பதுபோன்ற ஹைப்பாய்ட் பற்களின் கடும் அழுத்தத்துக்கானது. அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் கூடுதல். ஐந்து நான்கைவிடப் பெரியது, எனவே உசத்தி என்று நினைத்து ஊற்றினால் பித்தளை அரிக்கப்படலாம், பிடியும் குறையலாம். அதேபோல 75டபிள்யூ-80 என்ற பாகுநிலை ஆயிலைக் கேட்கும் கியர் பாக்ஸில் கடையில் எப்போதும் கிடைக்கும் கெட்டியான 90 ஆயிலை ஊற்றினால் காலையில் கியர் விழ அடம்பிடிக்கும். காரோடு வந்த கையேட்டில் இருப்பதுதான் கடைசி வார்த்தை.

சில நிறுவனங்கள் வண்டியின் ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லை என்கின்றனவே என்று இன்னொரு மறுப்பு வரும். கியர் ஆயிலில் எரிபொருள் புகை கலப்பதில்லை, அதனால் இன்ஜின் ஆயிலைவிடப் பல மடங்கு நீடிக்கும் என்பது உண்மையே. ஆனால் தேய்ந்த உலோகத் துகளை வடிகட்ட பெரும்பாலான மேனுவல் கியர் பாக்ஸ்களில் ஃபில்டர் கிடையாது; அடியில் ஒரு காந்தம் இருந்தால் அதிர்ஷ்டம். மேலும் அந்த வாக்குறுதி வெள்ளத்தில் நின்ற வண்டிக்குச் சொல்லப்பட்டதே அல்ல.

எனவே சக்கரத்தின் நடு அச்சைத் தொட்டுத் தண்ணீர் நின்றிருந்தால், வண்டியை ஓட்டிப் பார்க்காமல் பரிசோதிப்பதே முறை. ஓட்டினால் தங்கிய நீர் கலந்துவிடும். ஓரிரவு அசையாமல் நின்றதும் அடியிலுள்ள ட்ரெய்ன் நட்டை மெல்லத் தளர்த்தினால் தண்ணீர் இருந்தால் அதுவே முதலில் வரும். அதற்கு முன், ஆயில் ஊற்றுவதற்காகப் பக்கவாட்டில் இருக்கும் ஃபில்லர் நட் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். துருப்பிடித்து அது கழல மறுத்தால், காலியான பெட்டியோடு வண்டி அங்கேயே நிற்கும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது; உறுதியான ஸ்டாண்ட் வேண்டும். காந்தத்தில் சாம்பல்நிறப் பசை ஒட்டியிருப்பது வழக்கம்தான், பல்லுடைந்த சில்லு வந்தால் மெக்கானிக்கிடம் போக வேண்டும். வாஷரைப் புதிதாகப் போட்டு, சமதரையில் வைத்து, பல கார்களில் ஃபில்லர் துவாரத்தின் கீழ்விளிம்பு வழியும்வரை ஊற்ற வேண்டும். பால்நிறம் வந்த வண்டிக்கு ஒருமுறை மாற்றுவது போதாது. சிறிது தூரம் ஓட்டி மறுபடி வடித்து நிரப்ப வேண்டும். சிறிய கார்களுக்கு 2 லிட்டரை ஒட்டித்தான் தேவைப்படும். இரண்டுமுறை மாற்றினாலும், பெட்டியைப் பிரித்துப் பேரிங் மாற்றும் கூலியில் சிறு பங்குகூட ஆகாது. செலவைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுவதில் பொருளில்லை.

வடித்த ஆயிலை மட்டும் தெருவில் விடக் கூடாது. கோட்டக்குப்பம் போன்ற மணற்பாங்கான கடற்கரை நிலத்தில் கொட்டியது எளிதில் கீழே இறங்கும். அதே நிலத்தில்தான் போர்வெல்களும் இருக்கின்றன. பயன்படுத்திய ஆயிலைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2024 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசின் விதிகள் ஆயில் உற்பத்தியாளர்கள் மீது சுமத்தியிருக்கின்றன. பழைய கேனில் பிடித்து மூடி, கழிவு ஆயிலை முறையாகச் சேர்த்து ஒப்படைக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.