ஓசையற்ற கணினியும் ஒளிபுகும் கூடும்

பிழைப்பை நாடிப் பெருநகரங்களில் குடியேறிய நம்மவர்க்கு வாய்க்கும் இல்லங்கள் பெரும்பாலும் சிறியவை. கூடமே படுக்கையறை, அதுவே பிள்ளைகளின் படிப்பறையும் ஆகும். அத்தகைய இல்லத்தில் இரவு பதினொரு மணிக்கும் ஒரு கணினி ஓடிக்கொண்டிருந்தால், அதன் உள்ளே சுழலும் விசிறியின் இரைச்சல் வீட்டார் அனைவரின் காதிலும் விழுந்தே தீரும்.

டில்லியில் எம் அண்டை வீட்டினர் மதுரைப் பக்கத்தவர். இரண்டே அறைகள். பாட்டியாருக்கு மெல்லிய உறக்கம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கும் பேத்திக்கோ இரவுதான் படிக்கும் வேளை. இருவரில் ஒருவர் மட்டுமே தம் விருப்பப்படி இருக்கக்கூடும் என்னும் நிலையை அவ்வீட்டின் பழைய கணினி உண்டாக்கியிருந்தது. பெண்ணின் தாய்மாமன் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகப் பணிபுரிபவர். மருமகளும் அவருமாகச் சேர்ந்து, ஓசையே எழுப்பாத ஒரு சிறு கணினியை அமைத்து, அதற்கு ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் ஒரு கூடும் செய்துவிட்டனர். அச்செயலின் நுட்பங்களை நம் அன்பர்களும் அறிந்துகொள்வது பயன் தரும்.

கணினி ஏன் இரைகிறது? பழைய கணினிகளில் இரைச்சலுக்குக் காரணம் இரண்டு: சுழலும் வட்டுத் தட்டு ஒன்று, சூட்டை வெளியேற்றும் விசிறி மற்றொன்று. தட்டுக்குப் பதிலாக அசைவில்லாத நினைவு அட்டை வந்துவிட்டது. எஞ்சியது விசிறியே. அதை நீக்கவேண்டுமாயின் முதலில் சூட்டைக் குறைத்தல் வேண்டும். சாதாரண மேசைக் கணினி கடுமையாக உழைக்கும்போது நூறு வாட் வரையிலும், சில அதற்கு மேலும் மின்சாரம் உண்ணும். உண்ட மின்சாரம் முழுவதும் இறுதியில் சூடாகவே மாறும். ஆகவே ஐந்தாறு வாட்டில் அடங்கும் கணினியே நமக்கு ஏற்றது.

அப்படிப்பட்ட ஒன்று ராஸ்பெர்ரி பை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி பயில வரும் மாணவர் தொகையும், அவர்கள் கொண்டுவரும் பயிற்சியும் குறைந்து வருவதைக் கண்டு எபென் அப்டனும் அவர்தம் நண்பர்களும் கவலையுற்றனர். சிறுவர்கள் தம் கையால் தொட்டுப் பழகுவதற்கென ஒரு மலிவான கணினி வேண்டும் எனக் கருதி, 2009-இல் ஓர் அறநிறுவனம் கண்டனர். 2012 பிப்ரவரி 29-ஆம் நாள் முதற்பலகை 35 டாலர் விலையில் வெளிவந்தது. 2019-இல் வந்த நான்காம் வகையையே அந்த மாமன் தேர்ந்தெடுத்தார். 2023-இல் வந்த ஐந்தாம் வகை இன்னும் விரைவானதுதான். எனினும் சூடும் மிகுதி, கடும் வேலைக்கு விசிறி வைப்பதே அதற்கு நல்லது. அமைதியை நாடுவோர்க்கு நான்காம் வகையே உகந்தது என்பது எம் கருத்துமாகும்.

அப்பலகையின் நீளம் 85 மில்லிமீட்டர், அகலம் 56 மில்லிமீட்டர். சீட்டுக்கட்டு ஒன்றின் பரப்புத்தான். இதன் ஆற்றலை உணரச் சற்றே பின்னோக்குவோம். பம்பாய் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் என்னும் கணினி, நம் நாட்டினரே வடிவமைத்துக் கட்டியது. அதில் 2,700 வால்வுகள் இருந்தன. நாற்பது பிட் கொண்ட 2,048 சொற்களே அதன் நினைவகம். நான்கு ஜிபி நினைவகமுடைய இச்சிறு பலகை அதைப்போல் நான்கு லட்சம் மடங்குக்கும் மேலாக நினைவிற் கொள்ளும். சும்மா இருக்கையில் மூன்று வாட், முழுமூச்சாக உழைக்கையில் ஆறு ஏழு வாட். இதுவே அதன் ஆகாரம்.

இனிக் கூட்டைப் பற்றி. ஒளிபுகும் கூட்டுக்கு ஏற்ற பொருள் அக்ரிலிக் தகடு. விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் வெட்டுத் துண்டுகளே மலிவாகக் கிடைக்கும். மூன்று மில்லிமீட்டர் தடிப்பு போதும். பெட்டிபோல் நான்கு பக்கமும் மூட எண்ண வேண்டா. அக்ரிலிக் சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்தின் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குத் திறனே உடையது. மூடிய பிளாஸ்டிக் பெட்டி கணினிக்குப் போர்த்திய கம்பளியாகிவிடும். மேலும் கீழும் இரு தகடுகள், நடுவே பலகை, மூலைகளில் பித்தளை ஸ்பேசர்கள் என அமைப்பதே அறிவுடைமை. பக்கங்கள் திறந்திருப்பதால் கம்பிகளைச் செருகுவதற்கென்று தனியே துளைகள் வெட்டும் தொல்லையும் இல்லை.

தகட்டை 100-க்கு 70 மில்லிமீட்டர் அளவில் இரு துண்டுகளாக்க வேண்டும். மேலொட்டிய காப்புத்தாளை இறுதிவரை உரிக்கலாகாது. எஃகு அளவுகோலை அழுத்திப் பிடித்து, அக்ரிலிக் வெட்டும் கத்தியால் ஒரே கோட்டில் பத்துமுறை கீற வேண்டும். தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு கீறல் ஆழ்ந்ததும், கோட்டை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினால் தகடு நேராக முறியும். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் கையைக் கீறாது. பலகையின் நான்கு துளைகள் நீளவாட்டில் 58, அகலவாட்டில் 49 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ளன, அவற்றுக்கு 2.5 மில்லிமீட்டர் திருகுகள் பொருந்தும். துளையிடும்போது அடியில் மரத்துண்டு வைத்து, பொறியை மெல்லச் சுழலவிட வேண்டும். விரைந்தால் பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொள்ளும், அழுத்தினால் வெடிக்கும். தொழிலாளர் சிலர் குளோரோஃபார்ம் கொண்டு அக்ரிலிக்கை ஒட்டுவதுண்டு. அதன் ஆவி உடலுக்குத் தீங்கு. காற்றோட்டமில்லாத சிற்றறையில், அதுவும் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு, அதனைத் தொடவே வேண்டா. நம் அமைப்பில் ஒட்டுக்கு இடமுமில்லை.

கீழ்த்தகட்டுக்கும் பலகைக்கும் இடையே ஆறு மில்லிமீட்டர், பலகைக்கும் மேல்தகட்டுக்கும் இடையே இருபது மில்லிமீட்டர் விட்டால் யு.எஸ்.பி. வாய்கள் தட்டாது. நடுவிலுள்ள பெரிய சில்லின்மேல் செதில் செதிலாக அமைந்த அலுமினியத் துண்டை, ஹீட் சிங்க் எனக் கடைகளில் கேட்டு வாங்கி, அதற்குரிய ஒட்டும் பட்டையால் பொருத்திவிட வேண்டும்.

இத்தனையும் செய்து முடித்தது ஏப்ரல் மாதத்தில். உண்மையான சோதனை ஜூன் மாதத்தில் வந்தது. டில்லியின் வெயிலை நாம் அறியாதவரா! அச்சில்லின் வெப்பம் 80 பாகையைத் தொடும்போது, அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு பிற்பகலில் வகுப்புப் பாடத்தின் காணொளி தடுமாறத் தொடங்கிற்று.

“மாமா, விசிறி வைக்காமல் முடியாது போலிருக்கிறதே!” என்றாள் பெண்.

“பொறு, அம்மா. அடுப்புப் புகை எந்தப் பக்கம் போகிறது?” என்றார் அவர்.

அதுவரை மேசைமேல் படுத்திருந்த கூட்டை நிமிர்த்தி நிறுத்தினார். வாய்கள் இல்லாத நீளவிளிம்பு கீழே வருமாறும், அடியில் விரலளவு இடைவெளி இருக்குமாறும் இரு மரக்கட்டைகள் வைத்தார். இரு தகடுகளுக்கிடையே சூடேறிய காற்று மேலெழ, கீழிருந்து புதுக்காற்று தானே உட்புகுந்தது. புகைபோக்கியின் தத்துவம் இதுவே. அரை மணிக்குள் வெப்பம் பத்துப் பாகை இறங்கியது. காணொளியும் தடையின்றி ஓடிற்று. செலவு ஒரு காசுமில்லை. ஆயினும், குளிர்ந்த காற்றே இல்லாத அறையில் இம்முறையும் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். மணிக்கணக்கில் கடுமையாக உழைக்கச் செய்வதாயின் இரவு நேரமே நலம்.

கூடு ஒளிபுகுவதாக இருத்தலால் ஒரு தனி நன்மை உண்டு. மின்சாரம் வந்ததும் சிவப்பு விளக்கு எரிவதும், நினைவு அட்டையைப் படிக்குந்தோறும் பச்சை விளக்கு சிமிட்டுவதும் குழந்தைகளுக்குக் கண்கூடு. எது சில்லு, எது நினைவகம் என விரல் வைத்துக் காட்டலாம். ஆனால் திறந்த பக்கங்களை நாடும் விருந்தாளிகளும் உளர். சூட்டை விரும்பிப் பல்லி புகுந்து மின்சுற்றில் மாட்டிக்கொண்டால் பலகையும் போகும், பல்லியும் போகும். நைலான் கொசுவலைப் பட்டை ஒன்றைச் சுற்றிக் கட்டிவிட்டால் காற்றுக்குத் தடை மிகாது.

வேண்டும் பொருள்கள் டில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. சாலை, கொல்கத்தாவில் சாந்தினி சந்தை ஆகிய இடங்களில் கிடைக்கும். விலை ஏறி இறங்குவதால் இரண்டு கடைகளிலேனும் விசாரிப்பது நன்று. மின்கருவியை மட்டும் மலிவு பார்த்து வாங்கலாகாது. 5 வோல்ட், 3 ஆம்பியர் தரவல்லதாக அது இருத்தல் வேண்டும். தமிழில் தட்டெழுத விரும்புவோர், தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ் 99 விசைப்பலகை முறையை இதில் நிறுவிக்கொள்ளலாம். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமுமே எழுதும் நம் பிள்ளைகளுக்கு ஊரிலுள்ள தாத்தாவுக்குக் கடிதம் எழுத அதுவே போதும்.

மின்வெட்டு மிகுந்த இடங்களில் கணினியை இன்வெர்ட்டரில் இணைத்தல் நலம். எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் திடீரென நின்றால் நினைவு அட்டை பழுதாகக்கூடும். தேர்வுக் குறிப்புகளுக்கு வேறோர் அட்டையில் படி எடுத்து வைப்பது அவசியம். கூட்டில் தூசி படிந்தால், மின்சாரத்தை நிறுத்தித் தகடுகளைக் கழற்றி, சோப்பு நீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, நன்கு உலரவிட்டு மீண்டும் பூட்டலாம். உலர்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறித் தூசியை மேலும் இழுக்கும்; வடநாட்டுக் குளிர்காலத்தில் இது இன்னும் மிகும். ஸ்பிரிட் கொண்டு துடைத்தலோ அறவே கூடாது. அக்ரிலிக்கில் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழுந்து ஒளி மங்கிவிடும்.