கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கை

ஓர் அட்டைப்பெட்டி. மேல்மூடியைக் கிழித்தாயிற்று. நடுவே ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி நெட்டுக்குத்தாக நிற்கிறது. முன்பக்கம் கை நுழைய இரண்டு ஓட்டைகள். வேறொன்றுமே இல்லை!

சான் டியேகோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூளை ஆராய்ச்சி நடக்கும் அறைக்குள் எட்டிப்பார்த்தால், ராட்சத எந்திரங்களுக்குப் பதிலாக இதுதான் உட்கார்ந்திருந்தது. செய்தவர் வி.எஸ். ராமச்சந்திரன். அந்த 'வி' நம்ம பாலக்காட்டு விளயனூர்! சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படிக்கும்போதே, 1972-ல், 'நேச்சர்' இதழில் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டவர். 2007-ல் வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் இழந்த வீரர்களிடம் இதே கண்ணாடி உத்தியைச் சோதித்தார்கள். நான்கு வாரம் கண்ணாடி பார்த்த ஆறு பேருக்குமே வலி குறைந்தது. எந்த வலி? இல்லாத காலின் வலி!

கை போன பிறகும் அந்தக் கை அங்கேயே இருப்பதுபோல் பலருக்கும் தோன்றும். அரிக்கும், இறுகும், நகம் உள்ளங்கையில் குத்தும். 1797-ல் வலக்கையை இழந்த ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சன், ஆன்மா உண்டு என்பதற்கு இதுவே சாட்சி என்றாராம். துக்கத்தில் வரும் பிரமை என்று ஒதுக்கிய மருத்துவர்களும் உண்டு. ராமச்சந்திரன் காரணத்தைத் தேடியது மூளையின் வரைபடத்தில்.

அந்த வரைபடம் இருக்கிறதே, அடடா! மூளையின் மேற்பரப்பில் உடம்பு முழுக்க ஒரு பட்டையாகப் பதிவாகியிருப்பதை மான்ட்ரியல் அறுவை மருத்துவர் பென்ஃபீல்ட் முன்பே காட்டியிருந்தார். அதில் கைக்குப் பக்கத்து வீடு முகம். 1991-ல் டிம் பான்ஸ் குழுவின் குரங்கு ஆய்வு வந்தது. பத்தாண்டுக்கும் மேலாகக் கையிலிருந்து சேதியே வராத குரங்குகளின் முகத்தைத் தொட்டபோது, மூளையில் கைக்குரிய இடம் விழித்துக்கொண்டது! படித்த ராமச்சந்திரனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

விபத்தில் கை இழந்த பதினேழு வயது இளைஞனை உட்காரவைத்தார். கண்ணைக் கட்டினார். காது குடையும் பஞ்சுக்குச்சியால் கன்னத்தை வருடினார். கன்னத்தில் படுகிறது, இல்லாத கட்டைவிரலிலும் படுகிறது என்றான் பையன்! மேலுதட்டைத் தொட்டால் ஆட்காட்டி விரல், தாடையைத் தொட்டால் சுண்டுவிரல். ஒரு பஞ்சுக்குச்சி, அவ்வளவே செலவு.

காலியான கையின் இடத்தை முகம் பிடித்துக்கொண்டது என்பது அவர் விளக்கம். ஆனால் 2013-ல் டமார் மாக்கின் குழு, கை போனாலும் மூளையில் அதன் இடம் பெரும்பாலும் அப்படியே காத்திருக்கிறது என்று காட்டியது. இந்த வழக்கு இன்னும் ஓடுகிறது. தோற்றாலும் ஜெயித்தாலும் எனக்குக் கொண்டாட்டம்தான். இரு தரப்பினரும் நோயாளியை நம்புகிறார்கள், அவர் வலிக்கான காரணத்தை உடம்புக்குள்ளேயே தேடுகிறார்கள்.

இனி பெட்டி. மோட்டார் சைக்கிள் விபத்துக்காரர் ஒருவர் வந்தார். இல்லாத இடக்கை பத்தாண்டாக மரக்கட்டைபோல உறைந்து கிடக்கிறது, முழங்கையில் தாங்கமுடியாத வலி. கையை எடுப்பதற்கு முன்பே அது நரம்பறுந்து செயலிழந்திருந்தது. 'அசை' என்று மூளை சொல்ல, 'அசையவில்லை' என்று கண் சொல்ல, அசையாமையை மூளை பாடமாகவே படித்துவிட்டது என்று ராமச்சந்திரன் கணித்தார். அப்படியானால் கண்ணுக்கு வேறு காட்சி காட்டினால்?

வலக்கையை ஓட்டைக்குள் விட்டு, கண்ணாடியைப் பார்த்தபடி அசைக்கச் சொன்னார். பிம்பம் சரியாக இடக்கை இருக்கவேண்டிய இடத்தில் விழுந்தது. கை அசைகிறது என்று கூவிவிட்டார் மனிதர்! கண்ணை மூடினால் மறுபடி உறைந்தது. திறந்தால் அசைந்தது.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பயிற்சி செய்தார். மூன்று வாரத்தில் தொலைபேசி. இல்லாத கை இப்போது உண்மையிலேயே இல்லை, முழங்கையே போய்விட்டதால் வலியும் போயிற்று! ஆனால் விரல்கள் மட்டும் தோளிலிருந்து தொங்குகின்றனவாம். பெட்டியைக் கொஞ்சம் மாற்றி அவற்றையும் போக்க முடியுமா என்று கேட்டார்.