தொழ உரிமை உண்டு, நிலம் யாருடையது?

ராயபுரத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? ராயப்பர் என்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் அழைக்கும் புனித பீட்டரால் வந்தது. கல்மண்டபத்தில் இறங்கி நடந்தால் ராயப்பர் கோவிலுக்கும் போகலாம். அங்காள பரமேசுவரி அம்மன் கோவிலுக்கும் போகலாம். பாங்கு சொல்லும் ஓசையும் காதில் விழும். 1910-ல் ஏற்பட்ட பார்சிகளின் அக்கினிக் கோவிலும் இந்த ராயபுரத்தில்தான் இருக்கிறது.

இவற்றை யாரும் இன்று ஏனென்று கேட்பதில்லை. பழைய கோவில் எந்த மதத்தினுடையதானாலும் கண்ணுக்குப் பழகி விடுகிறது. புதிதாக ஒன்றுக்குக் கடைக்கால் தோண்டும்போதுதான் தகராறு பிறக்கிறது!

அப்படி ஒரு விவகாரம் இதே சென்னையில் கோயம்பேட்டில் எழுந்து, டெல்லி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. அங்கே ஒரு முஸ்லிம் நல அறக்கட்டளை பள்ளிவாசலும் மதரசாவும் கட்டியது. நிலத்தை விலைக்கு வாங்கினோம் என்பது அறக்கட்டளையின் வாதம். அது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) கையகப்படுத்திய நிலம் என்றது எதிர்த் தரப்பு. கட்டடத்துக்கு அனுமதியும் வாங்கவில்லை. வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீசு வந்தது, வேலை நிற்கவில்லை.

1923 அல்ல, 2023-ம் ஆண்டுக் கதை இது. அந்த ஆண்டு நவம்பரில், கட்டடத்தை அகற்ற வேண்டும் என்று சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அறக்கட்டளை அப்பீல் செய்தது. பள்ளிவாசலால் பொது மக்களுக்கு ஓர் இடைஞ்சலும் இல்லையே என்று அதன் வக்கீல் வாதாடினார். 2024 பிப்ரவரி 26-ந் தேதி நீதிபதிகள் சூர்ய காந்த், கே.வி.விசுவநாதன் இருவரும் அப்பீலைத் தள்ளினார்கள். கட்டடத்தை அகற்ற மே 31-ந் தேதி வரை அவகாசம் மட்டும் கொடுத்தார்கள்.

இடைஞ்சல் உண்டா, இல்லையா என்பது அங்கே கேள்வியே அல்ல. நிலம் யாருடையது, பிளானுக்கு அனுமதி உண்டா என்பவைதான் கேள்வி. பொது இடங்களில் கோவில், சர்ச், மசூதி, குருத்வாரா எதையும் அனுமதியின்றிக் கட்ட விடக் கூடாது என்று 2009-லேயே சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டிருந்தது.

தீர்ப்பில் சட்டப்படி குறை காண்பதற்கில்லை. ஆனால் தொழுகிறவர்களின் கஷ்டத்தையும் பார்க்க வேண்டும். நாளைக்கு ஐந்து வேளைத் தொழுகை. வெள்ளிக்கிழமை நண்பகலில் கூட்டாகத் தொழ வேண்டும். ஆகவே பள்ளிவாசல் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டியது அவசியம். தொழுகையை எங்கும், திறந்த வெளியிலும்கூட நடத்தலாம் என்று 1994-ல் ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது உண்மையே. மழையிலும் சித்திரை வெயிலிலும் நிற்கிறவருக்கல்லவா அந்தச் சிரமம் தெரியும்!

சரி, சொந்த நிலம், சுத்தமான பத்திரம். அப்போதாவது தடையின்றிக் கட்டலாமா? மத நிலையங்களை அமைத்து நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 26-வது பிரிவு தருகிறது. பொது அமைதிக்கு உட்பட்டு என்றும் சேர்த்தே சொல்கிறது. 1972-ம் வருஷத்து மாவட்ட நகராட்சிக் கட்டட விதிகளில், வழிபாட்டுக் கட்டடத்துக்குக் கலெக்டரின் முன் அனுமதி வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அமைதி கெடும் என்று தோன்றினால் அவர் மறுத்து விடலாம். 1997-ம் வருஷத்துப் பஞ்சாயத்து விதிகளிலும் இதே ஏற்பாடு வந்தது.

எல்லா மதத்துக்கும் பொதுவான விதிதான். ஆனால் சிக்கல் இதில்தான் இருக்கிறது. பத்திரத்தைக் காட்டி நிலத்தை நிரூபிக்கலாம். பக்கத்துத் தெருக்காரர் கூச்சல் போட மாட்டார் என்பதை எந்தப் பத்திரத்தைக் காட்டி நிரூபிப்பது? கூச்சல் போட்டாலே அனுமதி நின்று விடும் என்றால், கூச்சல் போடுகிறவர் கையில் அல்லவா அதிகாரம் போய்ச் சேருகிறது?

இந்தச் சிக்கல் வெள்ளைக்காரர் காலத்திலும் இருந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில், இந்துக்களின் ஊர்வலம் மேளதாளத்தோடு போகும் வழியில் ஒரு மசூதி இருந்தது. மசூதி எழுந்த பின் அந்த வழியில் வாத்தியம் வாசிக்கலாமா என்று தகராறு வளர்ந்தது. 1882 ஆகஸ்டில் பெருங்கலகம் மூண்டு மசூதி இடிக்கப்பட்டது.

கலகத்தைத் தூண்டியதாகக் கைதானவர்களில் ஓர் இளம் வக்கீல். அவருக்குப் பத்து ஆண்டுத் தண்டனை விதித்தார்கள். ஐகோர்ட்டில் அவர் குற்றமற்றவர் என்று விடுதலையானார். அவர்தான் 1920-ல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்த சேலம் சி.விஜயராகவாச்சாரியார்!

ஊர்வலத்தைப் பற்றி 1883-ல் சென்னை ஐகோர்ட்டின் புல் பெஞ்சு தீர்ப்புச் சொன்னது. ராஜபாட்டை எல்லோருக்கும் பொது. ஒரு மதத்தாரின் மனச்சாய்வுக்காகச் சட்டம் வளையக் கூடாது என்பது அதன் சாரம். 1924-ல் லண்டன் பிரிவி கவுன்சில் சென்னையின் கருத்தை ஏற்றுக்கொண்டது. அவுரங்காபாத் என்ற ஊரிலிருந்து போன வழக்கு அது. மசூதி அருகே ஊர்வலம் நின்று போகலாமா என்பதே அங்கும் சண்டை. வழக்காடிய இரு தரப்பாரும் முஸ்லிம்கள்: ஊர்வலம் ஷியாக்களுடையது, மசூதி சன்னிகளுடையது.